ஏலத்துக்குப் போன விதைத்தக்காளி

— இல்லண்ணே, உள்ள வரமாட்டேன். நேத்து கோயில்ல அறுப்பின் பண்டிகைக் காணிக்கைய ஏலம் விட்டப்ப நீ எடுத்த தக்காளியக் குடு, போயிருதேன்.

— ஏளா ஜெபசுதா, சண்டை போட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனவ, இன்னைக்குத்தான் அண்ணன் வீட்டு வாசல மிதிக்க. அதுவும் ஒரு தக்காளிக்கா?

— அது விதைக்கு விட்ட பழம். காம்புல துணி கட்டி வச்சிருந்தேன். எங்க வீட்டுக்காரவிய தெரியாமப் பறிச்சு காணிக்கைக் கூடையில போட்டுட்டாவ.

— பிரைட்டன் மாப்ளையா? துணி கட்டுனது விதைப்பழம்னு கூடவா தெரியாது அவருக்கு?

— கணக்கு வாத்தியாருக்குச் செடியப் பத்தி என்ன தெரியும்? அப்பா இத்தாலிக் கப்பல்ல பண்டாரியா சமைச்சுக்கிட்டு இருந்தப்ப, அங்கன ஒரு தோட்டத்துல வாங்கிட்டு வந்த விதை. அம்மா வருசாவருசம் எடுத்து வச்சது. வேற விதை எங்கிட்ட இல்ல.

— பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பூசணி கணக்கா வரிவரியா, வேற யாரு தோட்டத்துல காய்க்கும்? ஏலத்துல விலையக் கூட்டிக் கேட்டுக்கிட்டே போனேன், விடவே இல்ல.

— மைனி ஏசியிருப்பாவளே.

— நல்லா ஏசினா. அது கெடக்கு. அம்மா தக்காளி காச்சுத நாள் ஞாபகம் இருக்காளா? முத்தத்துல அண்டா, வரிசையா குப்பி, ஒவ்வொரு குப்பிக்குள்ளயும் ஒரு இலை...

— பசிலிக்கோ!

— பசிலிக்கோதான்! வேலியில நின்ன திருநீத்துப்பச்சைய, 'வேதக்கார வீட்டுல திருநீறு எதுக்கு'ன்னு புடுங்கி எறிஞ்ச மகராசி. அதே செடிய அப்பா தொட்டியில வச்சு, 'இது இத்தாலி பசிலிக்கோ'ன்னு சொன்னதும் தண்ணி ஊத்தி வளத்தாளே.

— நம்ம சபை ஐயருக்கு வேற குடுத்தா, 'கப்பல்ல வந்த இலை ஐயரே'ன்னு! அவரும் வாசம் பாத்துட்டு ஜெபம் பண்ணாரு.

— ரெண்டும் ஒண்ணுதான்னு அம்மாட்ட கடைசி வரைக்கும் நாம யாரும் சொல்லலியே.

— சொல்லியிருந்தா அண்டாவோட கவுத்திருப்பா! மழைநாள்ல அந்தக் குப்பியத் திறந்து, மணப்பாட்டுக் கருவாடு போட்டுக் கொதிக்க வச்சா... தெருவே மணக்கும்ணே. எனக்கு இப்பவும் நாக்கு ஊறுது.

— நீ சிரிச்சே எத்தன நாளாச்சுளா.

— சிரிக்க விட்டியா நீ? அம்மா செத்துப்போன கையோட, தோட்டத்துல ஒம்பங்குல பூச்சிமருந்தடிச்ச. என் பக்கத்துத் தேனீ பூராம் செத்து விழுந்துச்சு.

— புழு விழுந்த பயத்துல அடிச்சேன். அதுக்கு நீ என்ன சொன்ன? 'நீ அம்மா வயித்துலதான் பெறந்தியா'ன்னு கோயில் வாசல்ல வச்சுக் கேட்டியே. மருந்த அன்னைக்கே நிறுத்திட்டேன். அந்தச் சொல்லத்தான் இன்னும் முழுங்க முடியல.

— கேட்டிருக்கக் கூடாதுண்ணே.

— சரி, உள்ள வா. பழத்த நாங்க திங்கல. விதையப் பிதுக்கி, சாம்பல்ல பெரட்டி, முறத்துல காயப் போட்டிருக்கேன். அம்மா செஞ்ச மாதிரியேதான். மொத்தத்தையும் எடுத்துக்க. மாப்ளைய ஒண்ணும் சொல்லாத, பாவம், தெரியாமச் செஞ்சது.

— அவிய செய்யலண்ணே. நாந்தான் பறிச்சுக் கூடையில வச்சேன். அந்த விதை வீட்டுல டப்பா நெறைய இருக்கு. நீதான் ஏலம் எடுப்பன்னு தெரியும். ஒங்கிட்ட வந்து பேச எனக்கு வேற வழி தெரியல.