எண்ண முடியாத கறி

காஜா பெராங் நிறுத்தத்தில் ஏறிய இரண்டு பெண்கள் பஸ்ஸில் எனக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். வெளியே கடைக்குக் கடை மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கட்டிய கொடிகள். இளையவளின் மடியில் ஒரு பை வெங்காயம்; மூத்தவளை அக்கா முறையில் ‘லாத்தா’ என்று அழைத்துப் பேசினாள்.

“மாட்டிறைச்சி கொஞ்சந்தான் வாங்குவேன் லாத்தா. கைமாவாக் கொத்திடுவேன். துண்டாப் போட்டா எண்ணுறா.”

“யாரு எண்ணுறது?”

“அவரோட மூத்த தாரத்து மகதான். தனக்கு எத்தன, நான் பெத்ததுக்கு எத்தனன்னு கணக்குப் பாப்பா.”

“கைமாவ எப்படிடி எண்ணுறது!”

“அதுக்குத்தானே கொத்துறேன். வெங்காயத்த நல்லாச் செவக்க வதக்கி, குழம்பக் கெட்டியா வெச்சா எல்லாருக்கும் பத்தும்.”

“இப்ப அவ பாக்குறதில்லயா?” என்றாள் மூத்தவள்.

“பாக்குறா லாத்தா. இப்ப என் தட்டத்தான் பாக்குறா. ‘உங்களுக்கு வெறும் வெங்காயந்தானா’ன்னு நேத்து கேட்டுட்டா.”