பச்சை மூடிப் பெட்டி

ஆட்டுரோமக் கொழுப்பு கைவெடிப்புக்கு நல்லது, லைல். இந்த மொன்டானாக் குளிரில் உன் விரலெல்லாம் பிளந்து கிடக்கிறதே. அலமாரியில் ஒரு டப்பா இருக்கிறது, போகும்போது எடுத்துக்கொள். என் கோல்டர் கைக்குழந்தையாக இருந்தபோது அவன் கன்னத்துக்கும் அதைத்தான் தடவினேன். தோட்டாக் கூடுகளுக்குத் தடவுவதும் அதையேதான்.

"ஆர்லிஸம்மா, டெஸ்ஸாவைக் கரடி அடிச்சுக் கொன்ன இடத்துல, அவ துப்பாக்கிக்குள்ள இருந்த தோட்டா இது. விசையை அழுத்தி அழுத்திப் பார்த்திருக்கா, ஒண்ணுகூட வெடிக்கலை. நீங்க நிரப்பிக் கொடுத்தது. அந்தப் பச்சை மூடிப் பெட்டியில இருக்கிற எல்லாமே இப்படித்தானா? அதை மட்டும் முதல்ல சொல்லுங்க."

நீ மேசையில் பிரித்து வைத்திருப்பதைப் பார்த்தேன். வெடிமருந்து பொடியாக உதிரவில்லை. ஈரச் சர்க்கரை மாதிரி கட்டிதட்டி நிற்கிறது. சொல்கிறேன். முதலில் காப்பியைக் குடி. போலீஸ் டெபுடி ஆகிவிட்டாய் என்பதற்காக என் சமையலறையில் உனக்கு வைத்த காப்பி ஆறிப்போக வேண்டாம்.

ஒருமுறை சுட்ட பித்தளைக் கூடு கொஞ்சம் பருத்துவிடும், பிள்ளை பெற்றவள் இடுப்பு மாதிரி. திரும்ப மருந்து நிரப்ப வேண்டுமானால் அதை அச்சுக்குள் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இந்தக் கொழுப்பைத் தடவாமல் அழுத்தினால் கூடு அச்சிலேயே சிக்கிக்கொள்ளும். அப்புறம் நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். என் கணவர் போன பிறகு கராஜில் அந்த வேலை என்னுடையது. தடவுவதில் ஒன்றுமில்லை. பிறகு மிச்சமில்லாமல் துடைத்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. உள்ளே கொழுப்பு தங்கினால் மருந்து நமுத்துப்போகும், தோட்டா வெடிக்காது.

அடுத்தவர் நிரப்பிய தோட்டாவை இந்தப் பக்கம் யாரும் சுடமாட்டார்கள். அடுத்தவர் பல் பிரஷைத் தொடாத மாதிரி. ஒரே வீட்டுக்குள் அந்த விலக்கு கிடையாது. டெஸ்ஸா மருமகளாக வந்த வருஷமே அவளுக்கென்று ஒரு பெட்டி நிரப்பிக் கொடுத்தேன். அவள் துப்பாக்கியும் கோல்டருடையதும் ஒரே ரகம்; மாறிவிடக் கூடாதென்று அவள் பெட்டிக்குப் பச்சை மூடி. வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நல்ல பெண். அதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

என் பக்கத்தில் நின்றுகொண்டு கேலி செய்வாள்.

"என்ன அத்தை, பான்கேக்குக்கு வெண்ணெய் தடவுற மாதிரி தடவுறீங்க? அப்படியே கொஞ்சம் சிரப்பும் ஊத்துங்க."

"வாயை மூடிட்டு அந்தத் துணியை எடுடி."

இரண்டு பேரும் சிரிப்போம்.

கோடையில் அவளுக்கு சியாட்டிலில் வேலை கிடைத்தது. கோல்டரும் கூடப் போவதாக முடிவு. அவன் என்னிடம் சொல்லவில்லை. அவள்தான் தட்டுத் துடைத்துக்கொண்டே சொன்னாள், "தேங்க்ஸ்கிவிங்குக்குக் கண்டிப்பா வந்துடுவோம் அத்தை" என்று. வருஷத்துக்கு ஒரு தடவை என் மகன் என் வீட்டுக்கு விருந்தாளி.

நீ ஏன் உன் போலீஸ் ரேடியோவையே பார்த்துக்கொண்டிருக்கிறாய்? சொல்லிவிடுகிறேன்.

அந்த வாரம் அவள் பெட்டிக்கான கூடுகளைத் துடைக்கவில்லை. அவ்வளவுதான். சரியாகச் சொன்னால் வெளியே துடைத்தேன்; பார்த்தால் தெரிந்துவிடுமே. உள்ளே கொஞ்சம் கூடுதலாகவே தடவினேன். எல்க் மான் எதிரே நிற்கும்போது துப்பாக்கி 'டிக்' என்று மட்டும் சொன்னால் அவளுக்கு மலையே வெறுத்துப்போகும், தனியாகக் கிளம்பிவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

மேற்குச் சரிவில் மான் இறங்குகிறது என்று சொன்னது நான்தான். அங்கே காட்டுப் பழம் பழுத்துக் கிடந்தது. பழம் இருந்தால் கரடி வரும். அது இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். அவள் ஒஹாயோக்காரி. கரடிக்கு அடிக்கும் மிளகு ஸ்ப்ரேயை அவள் பையிலிருந்து எடுத்து வெளியே வைத்ததும் நான்தான். சாண்ட்விச் நசுங்கக் கூடாதே. அவளுக்குப் பிடித்த மாதிரி ஓரமெல்லாம் வெட்டி வைத்திருந்தேன்.

ஏதாவது ஒரு தோட்டா வெடித்தும் இருக்கலாம். அதை ஆண்டவரிடம் விட்டேன். அவர் முடிவு செய்தார்.

கோல்டர்தான் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். இன்னும் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனாலும் பாவம், சின்ன வயதில் படுத்த அறையில்தான் இப்போது படுக்கிறான். காலையில் போய்ப் பார்த்தேன், கட்டில் காலி. ஆடுகளுக்கு வைக்கோல் போடப் போயிருப்பான்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ஆமாம். அந்தப் பெட்டியில் எல்லாமே அப்படித்தான்.

நீ எழுந்த வேகத்தில் காப்பி கவிழ்ந்துவிட்டது. ரேடியோவில் மலைக்குப் போன ஆட்களிடம் பேசினாய்.

"எல்லாமே நமுத்ததுதான். அவன்கிட்ட இருக்கிற ஒண்ணும் வெடிக்காது. எப்படியாவது அவனைப் பிடிங்க."

பிறகு என் பக்கம் திரும்பினாய்.

"கோல்டர் விடியும்போதே கரடியைத் தேடிக் கிளம்பிட்டான் ஆர்லிஸம்மா. டெஸ்ஸாவோட தோட்டாவாலதான் அதைக் கொல்லுவேன்னு மலைப்பாதை கேட்டுல காவலுக்கு நின்ன ஆள்கிட்ட சொல்லிட்டு, அவ வண்டியில கிடந்த பச்சைப் பெட்டியை எடுத்துட்டுப் போயிருக்கான்."

இருக்காது, லைல். நீ உட்கார். காப்பியை நான் துடைக்கிறேன். என் மகன் கண்டவர்கள் தோட்டாவைத் தொடமாட்டான். நான் நிரப்பிக் கொடுத்ததை மட்டும்தான் நம்புவான்.