எபனேசர் இன்னும் ஊர் போய்ச் சேரவில்லை

சாப்பாட்டு மேசைகளைச் சேர்த்துக் கட்டிய இந்த மேடையில், அது முனகும்படி வீற்றிருக்கும் எங்கள் நிர்வாக மேலாளர், கோப்புகளின் கோமான், முத்திரைகளின் மூலவர் திரு. சேதுமாதவன் அவர்களே! துபாயின் ஜெபல் அலித் துறைமுகத்தைத் தோண்டிவிட்டு, காலில் ஒட்டிய சிமெண்டோடு ஓடிவந்திருக்கும் தோழர்களே! கேம்ப் கால்பந்துக் குழுவின் செயலாளன் என்ற முறையில் டைம்கீப்பர் ராமையாவின் வணக்கம்.

நம் குழுவின் தலைவர், நடுக்களச் சக்கரவர்த்தி எபனேசர் லார்ட்டி அவர்களுக்கு அஞ்சலி செலுத்தக் கூடியிருக்கிறோம். நம் ஸ்டோர்கீப்பர் எபனேசர். பயிற்சியின்போது மைதானத்தில் விழுந்து, இரண்டு வாரமாக ஆஸ்பத்திரியின் குளிர் அறையில் படுத்திருக்கும் எபனேசர்.

அவர் வந்த நாளை மறக்க முடியுமா? எபனேசர் என்ற பெயரைக் கேட்டு, நாகர்கோவில்காரர் என்று நாமே முடிவு கட்டினோம். மீன்குழம்பு வைத்துக் காத்திருந்தோம். வந்தவரோ கானா நாட்டு அக்ரா நகரத்துக்காரர். நம் வாசலுக்காக ஆண்டவன் அளவெடுக்காத உயரம். அவர் குனிந்து உள்ளே வந்ததும் அறையில் ஒரு நிமிடம் இருட்டிவிட்டது. கோல்கீப்பர் சோலைமுத்து திகைத்துப்போய், "அண்ணே, நீங்க நாகர்கோவில்ல கோட்டாரா வடசேரியா?" என்று கேட்டுத் தொலைத்தான். அவர் சிரித்தார். உட்கார்ந்தார். சட்டியை வழித்துச் சாப்பிட்டு, "எங்க ஊர்க் காரம் இதைவிட ஜாஸ்தி பாய்" என்று வழியில் பொறுக்கிய அரைகுறை இந்தியில் சொன்னார். அன்றிலிருந்து அவர் நம் ஆள்.

அவர் யார் தெரியுமா? பத்தொன்பது வயதில் பெல்ஜியத்துக் கிளப் ஒன்று அவரை விமானத்தில் ஏற்றிக் கொண்டுபோனது. நிலக்கரி தோண்டும் சிற்றூர். பனி இடுப்பளவு என்றார் அவர். கழுத்தளவு என்று நான் வைத்துக்கொள்கிறேன். அந்தப் பனியில் பத்துப் பன்னிரண்டு குளிர்காலம் நடுக்களத்தில் ஓடினார். அவர் உதைத்த பந்து நாட்டெல்லையைத் தாண்டிப் போய், சுங்கச் சாவடியில் முத்திரை வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, சரியாக ஃபார்வர்டு காலடியில் விழுமாம். ஃபார்வர்டு கோல் அடிப்பான். மறுநாள் பேப்பரில் ஃபார்வர்டின் படம். பந்து கொடுத்தவனுக்கு யார் படம் போட்டார்கள்?

அவர் காலில் பந்து வந்தால் மைதானத்தின் ஒரு மூலையிலிருந்து குரங்கைப் போலக் கத்துவார்களாம். "நீங்க என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன். "பாஸ் பண்ணேன் மாமா" என்றார். அவ்வளவுதான்.

ஒவ்வொரு வருடமும் தாயைப் பார்க்க லீவு கேட்டார். "சீசன் முடியட்டும்" என்றது கிளப். சீசன் முடிந்தால் வெளியூர் ஆட்டம். அது முடிந்தால் அடுத்த சீசன். பாஸ்போர்ட் முதலாளியின் பெட்டியில். முழங்கால் வீங்கினால் ஊசி போட்டு இறக்கினார்கள். ஊசியும் வேலை செய்யாத நாளில் கைகுலுக்கி அனுப்பினார்கள். அவரிடம் ஒருமுறை உடம்பு எப்படி என்று விசாரித்தேன். "கால் இருக்கு மாமா, முட்டி மாஃபி" என்றார். 'இல்லை' என்பதற்கு அரபிக்காரன் சொல்லும் அந்தச் சொல்லை அவரைவிடப் பொருத்தமாக இந்த வளைகுடாவில் யாரும் சொன்னதில்லை.

அப்படிப்பட்டவரை நம் கம்பெனி ஏன் எடுத்தது? ஸ்டோரில் ஆணி எண்ணவா? கம்பெனிகளுக்கு இடையிலான கோப்பையை வெல்ல. அந்த இல்லாத முட்டியோடு அவர் நமக்கு ஆடக் கற்றுக்கொடுத்தார். நாம் ஆடியது கால்பந்தா? பந்து போகும் பக்கமெல்லாம் மந்தையாக ஓடினோம். "பந்து ஓடட்டும், நீ ஏன் ஓடறே?" என்று ஒவ்வொருவனையும் தோளைப் பிடித்து நிறுத்தினார். போன வருடம் ஏழு கோல் வாங்கிய குழு, இந்த வருடம் இறுதி ஆட்டத்துக்கு வந்திருக்கிறது.

இங்கேயும் லீவு கேட்டார். தாய்க்குக் கண் மங்கிவிட்டது, ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன் என்று கேட்டார். நான்தான் அவரை சேதுமாதவன் சார் அறைக்கு அழைத்துப் போனேன். சார் நாற்காலி கொடுத்தார், குளிர்பானம் கொடுத்தார். "ஃபைனல் முடியட்டும்" என்றார்.

கடல் மாறியது, கண்டம் மாறியது, சொல் மட்டும் மாறவில்லை.

அதன்பிறகுதான் ஜூன் மாத வெயிலில், மூன்று மணிக்கு, பயிற்சி என்று உத்தரவு வந்தது. இரும்புக் கம்பியே நிழல் தேடிப் போகும் வெயில். சோலைமுத்துதான் அவரைத் தாங்கிப் பிடித்தான். கடைசியாக என்ன சொன்னார் என்று எல்லாரும் அவனைக் கேட்கிறீர்கள். அவன் சொல்லமாட்டேன் என்கிறான். அவனை விட்டுவிடுங்கள்.

அக்ராவிலிருந்து தாயின் தந்தி வந்தது: மகனை அனுப்புங்கள். அதற்குக் கஃபீலின், அதாவது நம் விசாவுக்குப் பொறுப்பான அரபி முதலாளியின், அனுமதி வேண்டும். கஃபீல் லண்டனில் இருக்கிறார், கோடை முடிந்துதான் வருவார் என்றார்கள். நம்பினோம். ஆனால் முந்தாநாள் கோவாவிலிருந்து ஒரு நடுக்கள ஆட்டக்காரன் வந்து இறங்கினான். எபனேசர் இடத்தில் ஆட. நல்ல பையன், அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை. அவன் விசாவை யார் போட்டார்கள்? அதே கஃபீல். எந்த வாரத்தில்? இந்த வாரத்தில். லண்டனிலிருந்து கோவாவுக்கு நீளும் கை ஆஸ்பத்திரிக்கு மட்டும் எட்டவில்லையா?

நேற்று நான் போய்க் கேட்டேன். "ஃபைனல் முடியட்டும், ராமையா. கோப்பைக்கே அவர் பெயர் வைக்கிறோம்" என்றார் சார். கோப்பைக்குப் பெயர். ஜெயித்தால் படம் பிடிப்பார்கள், சார் நடுவில் நிற்பார். நடுக்களக்காரர் மட்டும் ஐஸில் இருப்பார்.

சார், கடிகாரம் பார்க்க வேண்டாம். முடித்துவிடுகிறேன்.

அவர் விட்ட வேலையைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லித்தான் இறங்க வேண்டும். அவருடைய வேலை என்ன? தன்னிடம் வந்ததைச் சேர வேண்டிய இடத்தில் சேர்ப்பது. அதையே செய்கிறோம். தம்பிகளே, வாருங்கள். சோலைமுத்து, முதலில் நீ வா. உங்கள் பூட்ஸைக் கழற்றி சார் முன்னால் வையுங்கள். எபனேசர் விமானம் ஏறும்வரை வெள்ளிக்கிழமை ஃபைனலும் இல்லை, எந்தக் கிழமையும் ஆட்டம் இல்லை. கோவாப் பையனும் கழற்றுகிறான், பாருங்கள். அவனுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை, சத்தியமாக.

இதற்காக எங்கள் விசாவை கேன்சல் செய்யலாம். முதல் பெயர் என்னுடையதாக இருக்கட்டும். உயிரோடு ஊர் போகிறவர்கள் நாங்கள். அதில் எங்களுக்குக் குறை ஒன்றும் இல்லை.

அடுத்து இரண்டு நிமிட மௌனம் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறார்கள். இரண்டு வாரமாக நாம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். இன்றோடு அது போதும். சேதுமாதவன் சார், மைக் இதோ இருக்கிறது. எபனேசர் எப்போது வீட்டுக்குப் போகிறார்? சொல்லுங்கள்.