பேரம் பேசிய வருமானம்

– எழுபதாயிரமா?

– மாசத்துக்கு, மேடம்.

– அதையும் படிச்சேன். பெயிண்ட் அடிக்கிறவர் மாசம் எழுபதாயிரம் சம்பாதிக்கிறார்னா, நான் இந்த ஆபீஸ் நாற்காலியை விட்டுட்டு உங்ககிட்ட வாளி தூக்க வந்துடுறேன்.

– தாராளமா வாங்க. சும்மா சொல்லல மேடம், நான் ஒரு ஹோட்டலுக்கு வெள்ளை அடிச்சேன். சாப்பிட வந்தவங்க எல்லாம் கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டுதான் உள்ள நுழைஞ்சாங்க. சர்வருக்கு யார் முகமும் தெரியல, ஒருத்தர் சாப்பிட்டதுக்கு இன்னொருத்தர்கிட்ட பில்லைக் குடுத்துட்டான்.

– ஐயா, இது படிக்க வசதியில்லாத பிள்ளைங்களுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டுற நிதி. மாச வருமானம் இருபதாயிரத்தைத் தாண்டினா கிடையாது. உங்க பொண்ணு கஷ்டப்பட்டு மார்க் எடுத்து கட்டடப் பொறியியல்ல இடம் வாங்கியிருக்கா. இன்னைக்கு அஞ்சு மணிக்கு நான் பட்டியலை மூடணும். உங்க ஃபாரத்தைப் பார்த்தா நீங்கதான் எங்களுக்கு நிதி குடுக்கணும் போலிருக்கு.

– அப்படின்னா அறுபதுன்னு போட்டுக்கோங்க.

– என்னது?

– சரி, அம்பது. உங்க முகத்துக்காக.

– இது என்ன சந்தையா? இத்தனை வருஷத்துல தன் சம்பளத்தையே பேரம் பேசிக் குறைக்கிற ஆளை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்.

– முடிவா நாப்பது. அதுக்குக் கீழ போனா எனக்குக் கட்டுப்படியாகாது மேடம்.

– அது கிடக்கட்டும். சொந்த வாகனம் ரெண்டுன்னு எழுதியிருக்கீங்களே?

– ஆமா. ஒரு சைக்கிள், இன்னொரு சைக்கிள்.

– ரெண்டும் ஓடுதா?

– ஒண்ணு ஓடும். இன்னொண்ணு அதுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் குடுக்கும்.

– வேலையாட்கள் பன்னெண்டு பேர்?

– எட்டு பிரஷ், நாலு ரோலர். ஒரு நாள் லீவு கேட்டதில்ல.

– சிரிக்க வைக்காதீங்க, வெளியில இன்னும் ஏழு பேர் காத்துக்கிட்டு இருக்காங்க. எதுக்கு இப்படி எழுதினீங்க?

– இதை நிரப்பும்போது என் மக பக்கத்துலயே உக்காந்திருந்தா மேடம். பேனா மூடியைக் கையில வெச்சுக்கிட்டு, நான் எழுதறதையே பார்த்துக்கிட்டு. அவ முன்னாடி எப்படி எழுதறது?

– எதை?

– சைபர்னு.

– சைபரா?

– நாலு மாசமாச்சு. ஏணியில ரெண்டாவது படியில கால் வெச்சா வீடே சுத்துது. ஏறவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். தரையில நின்னு எட்டுற உயரத்துக்கு மட்டும் எவனாவது வீடு கட்டுவான்னு நானும் ஊரெல்லாம் தேடிட்டேன்.

– வீட்டுச் செலவு?

– சேத்து வெச்சது ஓடுது. அடுத்த மாசம் தாங்காது. அவ டியூஷன் சொல்லிக் குடுத்து நாலு காசு பார்க்கிறா, அதை அவளே வெச்சுக்கட்டும்னு பெரிய மனுஷனா சொல்லிட்டேன்.

– அவளுக்குத் தெரியாதா?

– தெரியாது. காலையில வாளியைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிடுவேன். பஸ் ஸ்டாண்டுல ஒரு பெஞ்ச் இருக்கு. சும்மா சொல்லல மேடம், அந்த பெஞ்சுல என் அளவுக்கு உக்காந்த ஆள் உலகத்துலயே கிடையாது. சாயங்காலம் களைச்சுப்போய் வரணும் பாருங்க, அதுக்காக ஊரை ரெண்டு சுத்து சுத்திட்டு வருவேன்.

– வேலைக்கே போகலைன்னா சட்டையில ஏது இந்தப் பச்சை?

– கவனிச்சுட்டீங்களா. மாடிப்படிக்கு அடியில ஒரு சின்ன டப்பா கிடக்கு. உள்ள நுழையறதுக்கு முன்னாடி ரெண்டு சொட்டு தெளிச்சுக்குவேன். தொழில் சுத்தம் வேணும் இல்லையா?

– சரி, எழுதிக்கிறேன். வருமானம் சைபர், நாலு மாசமா வேலை இல்ல. திருத்தின இடத்துல நீங்களும் உங்க பொண்ணும் கையெழுத்து போடணும்.

– அவளுமா?

– மனு அவ பேர்லதானே இருக்கு. வெளியிலதானே உக்காந்திருக்கா, வந்து படிச்சுப் பார்த்துட்டுப் போடணும்.

– படிக்காம போட முடியாதா?

– படிக்கிறதுக்குத்தானே ஐயா பணம் கேக்கறா.

– அப்ப வேண்டாம். ஃபாரத்தை இப்படிக் குடுங்க. ஃபீஸை நானே கட்டிக்கிறேன்.

– எதை வெச்சு?

– பெரிய கான்ட்ராக்ட் ஒண்ணு வருது. சும்மா சொல்லல மேடம், அரண்மனை மாதிரி...

– சும்மாதான் சொல்றீங்க. மணி நாலே முக்கால்.

– சின்னப் பிள்ளையில அவ தெருவுல போறவங்களை நிறுத்தி, இந்த வீடு எங்கப்பா அடிச்சது, அந்த வீடு எங்கப்பா அடிச்சதுன்னு காட்டுவா. நான் அடிக்காத வீட்டையும் சேர்த்து.

– அப்பா புத்தி அப்படியே இருக்கு.

– அதான் பயமா இருக்கு, இதைப் படிச்சா அவ முகம் எப்படி ஆகும்னு. ஆனா காலேஜ் இடம் போயிட்டா அந்த முகம் அதைவிட மோசமா ஆயிடும் இல்ல? கூப்பிடுங்க. வேண்டாம், நானே கூப்பிடுறேன். ஏம்மா, கொஞ்சம் உள்ள வா.

– வந்துட்டேன்ப்பா. என்ன மேடம், எங்கப்பா உங்க ஆபீசுக்கும் ரெண்டு கோட் அடிச்சு முடிச்சுட்டாரா?

– உக்காரும்மா. இந்தத் தாளைப் படிச்சுட்டு, கீழ கையெழுத்து போடு.

– மெதுவா படி கண்ணு. எழுத்து மேடமோடது. விஷயம் என்னோடது.

– படிச்சுட்டேன். பேனா குடுங்க மேடம்.

– அவ்வளவுதானா கண்ணு? அப்பாகிட்ட கேக்கறதுக்கு ஒண்ணுமே இல்லையா?

– ஒண்ணே ஒண்ணு இருக்குப்பா. அந்தப் பச்சை டப்பா மூணு மாசத்துக்கு முன்னாடியே காலியாயிடுச்சு, நான்தான் வாங்கி வாங்கி ஊத்தி வெச்சுக்கிட்டிருக்கேன். இனிமே வாங்க வேண்டாமில்ல?