ரூபா குடிக்கிற ராகி ஜாவா

எல்லாருக்கும் வணக்கம்மா. சவுக்கியமா கீறீங்களா? முட்டி வலி, முதுகு வலி எல்லாம் எப்படி கீது? எனக்கு இந்த மழைக்கு மூச்சு வாங்கறது கொஞ்சம் ஜாஸ்தி. மாத்திரை போட்டா அடங்கிடும். ஆனா போட்டா கை நடுங்கும், டம்ளர புடிச்சா டீ தளும்பும். எழுத்து எங்கனா பிசகி இருந்தா கண்டுக்காதீங்க.

போன வாட்டி என் பேத்தி ரூபா போட்டோ போட்டேன் இல்ல, மொட்டத் தலையோட. பொண்ணுக்கு இன்னா ஆச்சு, ஆட்டத்த ஏன் வுட்டுட்டான்னு நெறைய பேரு கேட்டுக்கினு இருந்தீங்க. இன்னைக்கி வேல ஒண்ணும் இல்ல, சொல்றேன்.

எங்குளுது சித்தூராண்ட புத்தலப்பட்டு. ரூபா தெனம் பஸ்ஸுல திருப்பதி போவா. அங்க ஒரு கிளப்பு. கபடி, வாலிபால், ஷட்டில்னு எல்லாத்துக்கும் டீம் கீது, பில்லியர்ட்ஸுக்கும் ஒண்ணு. நான் போய் பாத்தேன். பச்சத் துணி போத்துன பெரிய மேஜ, மூணு பந்து, ஆளுக்கொரு கம்பு. இடது கைய மேஜ மேல ஊணி, அந்த வெரலுங்க மேல கம்ப வச்சி பந்த தள்ளணும். வெரலு ஒரு நூலு ஆடுனாலும் பந்து வேற எங்கியோ போயிடும். அவ்ளோதான் ஆட்டம்.

கபடி ஆடுற ஏழுமலன்னு ஒரு பையன், வாசல்ல நின்னுக்கினு, "இன்னாக்கா, உங்க டீமுக்கு வேர்க்கவே வேர்க்காதா"ன்னான்.

"எங்களுக்கு வேர்த்தா தோத்துட்டோம்னு அர்த்தம்டா. நீ போய் மண்ணுல பொரளு"ன்னா ரூபா. எனக்கு சிரிப்பு வந்துடுச்சி.

அப்பால கிளப்புல சம்பளத்துக்கு ஆடற டீம் ஒண்ணு கட்டுனாங்க. எடுத்தா புனேவுக்குப் போய் அங்கியே தங்கி ஆடணும். கோச்சு ரங்கையா சாரு மொத பேரா ரூபாவத்தான் சொன்னாரு. ரூபா மஞ்சத் துணியில ஒரு ரூபா காசு முடிஞ்சி, டீம்ல எடுத்தா முடி குடுக்கறேன்னு வேண்டிக்கினு பெருமாள் படத்தாண்ட வச்சா. அவ பஸ்ஸுக்குப் போனப்புறம் நானும் ஒண்ணு முடிஞ்சேன். அவ போவக் கூடாதுன்னு. ரெண்டு முடிச்சும் பக்கத்து பக்கத்துல கெடந்துச்சி.

எம் பொண்ணு தாட்சாயணி, ரூபாவோட அம்மா, ரூபா கவுனு போட்டுக்கினு இருக்கும்போதே குவைத்துக்கு வேலைக்குப் போனா. மொதல்ல தெனம் போனு. அப்பால ஞாயித்துக்கெழம. அப்பால பொங்கலுக்கு. இப்ப அவ நம்பரே எது நடப்புன்னு தெரியல. போறவங்க கெட்டவங்க இல்லம்மா. போயிட்றாங்க, அவ்ளோதான்.

பெருமாளுக்கு ஆயிரம் வேல. நான் கொஞ்சம் ஒத்தாச பண்ணேன்.

ரூபா காலையில ராகி ஜாவா, அதான் கேவுரு கூழுதான் குடிப்பா. மோரு ஊத்தி, உப்பு போட்டு, வெங்காயம் பொடிசா அரிஞ்சி போட்டு கரைப்பேன். அதுல என் மூச்சு மாத்திரையும் நுணுக்கிப் போட்டேன். மோரு புளிப்புல கசப்பு தெரியல.

கொஞ்ச நாள்ல கை ஆட ஆரம்பிச்சிச்சி. "ஏமைந்தம்மா ரூபா", இன்னாம்மா ஆச்சுன்னு ரங்கையா சாரு தெலுங்குல கேட்டுக்கேட்டுப் பாத்தாராம். "ஆயா, நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது"ன்னு வந்து என் மடியில படுத்தா. நான் கைக்கு எண்ணெ தேய்ச்சி வுட்டேன். பாவமாத்தான் இருந்துச்சி. சித்தூர்ல டாக்டராண்ட இட்டுக்கினு போனேன். எல்லாம் நல்லாதான் கீது, வேற மாத்திர எதுனா துன்றாளான்னு கேட்டாரு. ஊட்டு சாப்பாடு மட்டும்தான் சாருன்னேன்.

ரூபாவுக்கு வேற ஒண்ணு தோணிச்சி. "ஆட்டத்துல எடுத்தாதான் முடி தருவேன்னு சாமியாண்ட பேரம் பேசிட்டேன் ஆயா. அதான் கோவம். மொதல்ல குடுத்துட்றேன்"ன்னா. படபடக்கற நெஞ்சோட திருமலைக்கு அலிபிரி படி ஏறுனா. நான் பஸ்ஸுல போனேன்.

மேல சத்திரத்துல தங்கி ஓட்டல் இட்லிதான் துன்னோம். ஜாவா இல்ல. முடி குடுத்து, குளிச்சி, தலையில சந்தனம் பூசிக்கினு வந்தா. சுவத்துக் கட்ட மேல இடது கைய ஊணி, வெரல விரிச்சி, கம்பு புடிக்கிற மாதிரி வச்சா.

"ஆயா, பாரு. ஆடல."

பாத்தேன். கல்லு மாதிரி நின்னுச்சி. அவ அழுதா, நானும் அழுதேன். அங்கிருந்தே சாருக்குப் போன் பண்ணா. திங்கக்கெழம வந்து ஆடிக் காட்டுன்னாரு.

அத்தோட வுட்டிருக்கலாம்னு நீங்க நெனைப்பீங்க. நானும் எறங்கி வர பஸ்ஸுல நெனச்சேன். சாமி அவ முடிச்ச எடுத்துக்கினு எம்முடிச்ச அப்படியே வுட்டுட்டாரேன்னுதான் இருந்துச்சி. திங்கக்கெழம எழுந்து ஜாவா கரைச்சேன். மலையில வுட்டுப்போனதுக்கும் சேத்து மாத்திர போட்டேன்.

ஆடும்போது கம்பு முனை இறங்கி அந்தப் பச்சத் துணிய கிழிச்சிடுச்சாம். அப்படியே மேஜ மேல மயங்கி சாஞ்சிட்டா. கூட ஆடற கிரண்குமாருதான் கார்ல தூக்கிக்கினு ஆஸ்பத்திரிக்குப் போனான். அவ எடம் அவனுக்குத்தான் போச்சி. புனேவுக்குக் கெளம்பும்போது அவ கம்ப எடுத்துக்கினு வந்தான், "வச்சிக்கோ, திரும்பி வருவ இல்ல"ன்னு. "நீயே எடுத்துக்கினு போடா"ன்னுட்டா.

இப்ப நெஞ்சு பலவீனமா கீதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. எங்கியும் போறதில்ல, நாளெல்லாம் என் பக்கத்துலதான் குந்திக்கினு கீறா. "நீ இல்லன்னா நான் இன்னா ஆயிருப்பேன் ஆயா"ன்னு நேத்து சொன்னா. மனசு நெறஞ்சி போச்சி. வேண்டுதல் பலிச்சிடுச்சி, எம்முடிச்ச உண்டியல்ல போட்டுட்டேன்.

இத அவ பாப்பாளோன்னு யாரும் கவலப்படாதீங்க. அந்தக் கை நடுக்கத்துல அவ போன தொடறதே இல்ல.

ஜாவா ஆறிப்போச்சி. டம்ளரு அவ கையில நிக்காது, நானே ஊட்டி வுட்டுட்டு வரேன். அதுக்குள்ள, உங்க புள்ளைங்கள கிட்டவே வச்சிக்க நீங்கள்லாம் இன்னா பண்ணீங்கன்னு கீழ எழுதி வைங்கம்மா.