விண்டோஸுக்கு நாள் குறித்தேன்

ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரில் கை வைக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். புதிது வந்துவிட்டது என்பதற்காகப் பழையதை அழிக்கிறவர்களை நான் நம்புவதில்லை. எங்கள் கிணற்று மோட்டார் என் தகப்பனார் காலத்தில் போட்டது. இன்றைக்கும் தண்ணீர் இறைக்கிறது. அதை நான் மாற்றவில்லை.

நாற்காலியை மின்விசிறிக்குக் கீழே இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், தம்பி. காக்கிச் சட்டையில் இந்த வெயிலுக்கு வேர்த்துக் கொட்டும். கிருபா உள்ளே என் மகளோடு இருக்கட்டும். குழந்தைகள் பள்ளியில் தொங்குமே, அந்த எழுத்து அட்டையைக் கொண்டுவந்திருக்கிறாள். ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு வாய்விட்டுப் படிப்பாள். வேண்டிய எழுத்து வரும்போது என் மகள் சுட்டுவிரலைத் தூக்க வேண்டும். பன்னிரண்டு வருஷமாக அவள் உடம்பில் அசைவது அந்த ஒரு விரலும் கண்களும்தான். அதற்கு நேரமாகும். அதற்குள் நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் எப்படிக் கெட்டது என்பதுதானே கேள்வி.

தாம்பரத்துக்கு ரயில் வருவதற்கு முன்பே வந்த குடும்பம் எங்களுடையது. ஏரிக்குக் கீழே நிலம் இருந்தது. இப்போது அங்கே வீடுகள் நிற்கின்றன. ஒரு தெருவுக்கு என் தகப்பனார் பெயர் வைத்திருக்கிறார்கள். ஸ்டேஷனில் இறங்கி தட்சிணாமூர்த்தி வீடு என்று சொன்னால் போதும். நான் எங்கும் வேலைக்குப் போனதில்லை. அந்தப் பெயரைக் கெடாமல் வைத்திருப்பதே என் உத்தியோகம்.

மகளுக்கு அபிதகுஜாம்பாள் என்று திருவண்ணாமலை அம்மன் பெயரை வைத்தேன். அபிதா என்று கூப்பிடுவோம். மின்சார ரயிலில் எழும்பூர் போய்க் கல்லூரியில் படித்தாள். கடைசி வருஷத்தில் மொட்டை மாடியிலிருந்து விழுந்தாள். தலையிலும் கழுத்திலும் அடி. பேச்சு போயிற்று. அடுத்த தை மாதத்தில் அவள் அம்மாவும் போனாள். பிறகு இந்த வீட்டில் நானும் அவளும்தான். பகலில் விமானப்படைப் பயிற்சி விமானங்கள் சுற்றும் சத்தம் கேட்கும். அது ஓய்ந்துவிட்டால் வேறு சத்தமே இருக்காது.

கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தவன் என் தங்கை மகன் ஏகநாதன். நங்கநல்லூரில் இருந்தான். கெட்டிக்காரன். திரையில் வாக்கியங்கள் வரிசையாக நிற்கும். வெளிச்சம் ஒவ்வொன்றின் மேலும் மெதுவாக நகரும். வேண்டிய வாக்கியத்துக்கு வெளிச்சம் வரும்போது அவள் விரலுக்கடியில் உள்ள பொத்தானை அழுத்தினால் பீப் என்று ஒலித்து அந்த வாக்கியம் பெரிதாகத் தெரியும். டாஸ் என்ற பழைய முறையில் ஓடியது. தமிழ் எழுத்துகளை அவனே படம்போல் வரைந்து போட்டிருந்தான்.

வாக்கியங்களை நான் எழுதிக் கொடுத்தேன். அப்பா. தண்ணீர் வேண்டும். விளக்கைப் போடு. புரட்டிப் படுக்க வை. வாருங்கள், வீட்டில் எல்லோரும் நலமா. அப்பா என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார். இப்படி, ஒரு நல்ல குடும்பத்துப் பெண்ணுக்குத் தேவையானவை எல்லாம் இருந்தன.

"மாமா, 'வேண்டாம்'னு ஒண்ணு போடலாமா?" என்று ஏகநாதன் கேட்டான்.

"அவளுக்கு வேண்டாததை இந்த வீட்டில் யார் செய்கிறார்கள்?" என்றேன். அவன் அதை விட்டுவிட்டு அடுத்த வாக்கியத்தை வரையத் தொடங்கினான்.

உறவினர்கள் படப்பையிலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அப்பா என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார் என்ற வரி திரையில் வந்ததும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். முதல் வருஷத்துக்குப் பிறகு அந்த வரியை அவள் தொடவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். நான் அறைக்குள் போனால் பட்டப்பகலிலும் விளக்கைப் போடு என்பாள். போடுவேன். மாலையில் நான் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது உள்ளே பீப் என்று ஒலி வரும். வீட்டில் இன்னொரு ஜீவன் இருக்கிறது என்று எனக்குச் சொன்னது அந்த ஒலிதான்.

சில வருஷங்களில் புது விண்டோஸ் வந்தது. ஏகநாதன் சந்தோஷமாக ஓடிவந்தான்.

"மாமா, டாஸ்ல இவ்ளோதான் பண்ண முடியும். புதுசைப் போட்டா அபிதா எழுத்து எழுத்தா தேடி அவளே எழுதலாம். நாம எழுதிக் குடுத்ததையே சொல்லிக்கிட்டு இருக்க வேணாம்."

"பால் கறக்கிற மாட்டை எதுக்குடா சந்தைக்கு ஓட்டணும்?" என்றேன்.

புதிதில் கோளாறு இருக்கும், நாலு பேர் போட்டுப் பார்க்கட்டும் என்றேன். அடுத்த வருஷம், இந்தப் பெட்டியில் அதைத் தாங்குகிற நினைவகம் இல்லை என்றேன். அவன் நினைவகம் வாங்கி வந்து மாட்டினான். மழைக்காலம் முடியட்டும், ஈரக் காற்று என்றேன். பிறகு, இரண்டாயிரம் பிறந்ததும் எல்லாக் கம்ப்யூட்டரும் நின்றுவிடும் என்று பேப்பரில் வந்தது. அதையும் பார்த்துவிட்டுச் செய்யலாம் என்றேன். கவனியுங்கள், தம்பி, நான் சொன்ன காரணங்களில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அவனே ஒவ்வொன்றுக்கும், "அதுவும் சரிதான் மாமா" என்றுதான் சொன்னான்.

கிருபா போன வருஷம் வந்தாள். கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்க டாக்டர் அனுப்பினார். பம்மல் பெண். வேலையில் குறை சொல்ல மாட்டேன். வாய்தான் அதிகம். வந்த சில நாட்களிலேயே திரையைப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னா சார் இது? அக்கா வாயால நீங்களே பேசிகினு கீறீங்க?"

என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. பதில் சொல்வது என் தகுதிக்குக் குறைவு என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் கூடத்தில் இருந்தபோது அவள் என் மகளிடம் பேசுவது கேட்டது. "இவ்ளோ ஒசரத்துல கைப்பிடிச் சுவர் வெச்சிகிறாங்களே, அப்பறம் எப்டிக்கா வுயுந்தீங்க?"

பீப் என்றது. கிருபா எட்டிப் பார்த்து, "சார், அக்கா உங்களக் கூப்புடுறாங்க" என்றாள்.

தண்ணீர் டம்ளரோடு போனேன். திரையில் அப்பா என்று இருந்தது. டம்ளரை அபிதா பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள். வெளிச்சம் மறுபடி சுற்றி வந்தது. மறுபடி அப்பா. மறுபடியும். கிருபா திரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அதன் பிறகு அவள் என் எதிரில் சிரிக்கவில்லை.

அந்த வாரமே ஏகநாதனுக்கு அவளாகவே போன் செய்து வரவழைத்துவிட்டாள். இருவரும் என் முன்னால் வந்து நின்றார்கள். இனிமேல் மறுத்தால், ஏன் மறுக்கிறார் என்ற கேள்வி வரும். கேள்வி வருவது குடும்பத்துக்கு நல்லதல்ல.

"சரி, போடலாம். நாள் மட்டும் நான் குறித்துத் தருகிறேன்" என்றேன்.

"கம்ப்யூட்டருக்குமா மாமா ராகு காலம்?"

"உனக்குப் பெண் பார்த்தபோது நான் குறித்த நாளுக்குச் சிரிக்கவில்லையே."

கிருபா முணுமுணுத்தாள். "மாப்ள விண்டோஸு, பொண்ணு கம்ப்யூட்டரு. தாலி ஒண்ணுதான் பாக்கி."

இந்த வீட்டில் ஆழ்துளைக் கிணறு போடவும் நாள் பார்த்தோம், டெலிபோன் வைக்கவும் நாள் பார்த்தோம். பெரியவர் பஞ்சாங்கத்தை விரித்தால் அதற்கு மேல் யாரும் வாய் திறப்பதில்லை. நான் குறித்தது வளர்பிறை, நல்ல நட்சத்திரம், முற்பகலில் நல்ல நேரம். யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். அதே நாளில்தான் எங்கள் பகுதிக்குப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்துகிறார்கள் என்பது மின்வாரியத்தில் இருந்த ஒரு பழக்கக்காரர் மூலம் எனக்குத் தெரியும். நல்ல நேரம் முடிவதற்குள் நின்றுவிடும். நங்கநல்லூருக்கும் பம்மலுக்கும் அது வேறு நாள்.

அன்று காலை வந்த பேப்பரில் மின்தடை அறிவிப்பு இருந்தது. அந்தப் பக்கத்தை மடித்து என்னிடமே வைத்துக்கொண்டேன்.

"நடுவுல கரண்ட் போச்சுன்னா அம்போதான் மாமா. யூபிஎஸ் இருக்குல்ல?" என்று ஏகநாதன் கேட்டான்.

"இருக்கிறது" என்றேன். இருந்தது. அதன் பேட்டரி கோடையிலேயே செத்துவிட்டது. அதை அவன் கேட்கவில்லை.

திரைக்குக் குங்குமப் பொட்டு வைத்தேன். கிருபா புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அபிதாவுக்குத் தலை வாரிப் பூ வைத்துவிட்டு, "இன்னிக்கி நீயே எய்தப் போறக்கா, மொதல்ல என் பேரத்தான் எய்தணும்" என்றாள். என் மகள் சிரித்தாள். கண்ணால்தான் சிரிப்பாள். அதைப் பார்த்து வெகு காலமாகியிருந்தது.

ஏகநாதன் எழுந்து எனக்கு நாற்காலியை விட்டான். "மாமா, பழசை எல்லாம் அழிக்கட்டுமான்னு கேக்குது. பெரியவர் கையால நீங்களே அழுத்துங்க."

அழுத்தினேன்.

பழையது போய்விட்டது. புதியது பாதி ஏறிக்கொண்டிருந்தது. அபிதா மல்லாந்து படுத்திருந்ததால் அவளுக்கு மேலே சுழலும் மின்விசிறிதான் முதலில் தெரிந்திருக்கும். அது வேகம் குறைந்து நின்றது. அவள் என் பக்கம் பார்வையைத் திருப்பவில்லை. கண்களை மூடிக்கொண்டாள்.

மாலையில் மின்சாரம் வந்தபோது பெட்டி எழுந்திருக்கவில்லை. "பழைய புரோகிராமை ஒரு ப்ளாப்பில போட்டு உங்ககிட்ட குடுத்தேனே மாமா, அதைத் தாங்க, பழசையாவது ஓட விடறேன்" என்று ஏகநாதன் அழாத குறையாகக் கேட்டான். வெள்ளையடித்தபோது எங்கோ போய்விட்டது என்றேன். அப்போது அது என் சட்டைப் பையில் இருந்தது. விண்டோஸை மறுபடி போடுகிறேன், இல்லையென்றால் பழையதையே புதிதாக எழுதித் தருகிறேன் என்றான். என் பெண்ணை வைத்துப் பரிசோதனை செய்தது போதும் என்றேன். தன்னால்தான் கெட்டது என்று நினைத்துக் கூனிக் குறுகிப் போனான். அந்த ஆடியில் அமெரிக்காவில் வேலை கிடைத்துப் போய்விட்டான். இன்னும் தன் தவறு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறான். கிருபாவை அதற்கு முன்பே நிறுத்திவிட்டேன். அவள்தான் உங்களிடம் வந்து புகார் கொடுத்திருக்கிறாள்.

அதன் பிறகு மாலையில் அந்த ஒலி இல்லை. எனக்கு அது கஷ்டமாகத்தான் இருந்தது. அவள் கட்டிலருகே போய் உட்கார்ந்து நான் பேசுவேன். அவள் சொல்ல வேண்டிய பதிலையும் நானே சொல்லிக்கொள்வேன். பழகிவிட்டது. அவளுக்கும் பழகிவிட்டது என்று நினைக்கிறேன்.

உள்ளே கிருபா படிக்கத் தொடங்கிவிட்டாள். கேட்கிறதா? அதனால் மீதியையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு விஷயத்தை ஒரு காகித அட்டை சொல்லி வெளியார் கேட்கக் கூடாது. குடும்பத் தலைவன் சொல்வதுதான் முறை.

அபிதா விழுந்த அன்று எதிர்வீட்டில் கிரகப்பிரவேசம். தெருவில் பந்தல் போட்டிருந்தார்கள். என் மனைவி அங்கே போயிருந்தாள். அபிதா மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். ஜெபசீலன் என்று ஒருவன், பம்மலில் தோல் பதனிடும் தொழிலாளியின் மகன். மறுநாள் அவனோடு பதிவு அலுவலகத்துக்குப் போகப் போவதாகச் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. அதில் அவள் என்னைப் போல. முடிவாகச் சொல்கிறாயா என்று கேட்டேன். ஆமாம் அப்பா என்றாள். கைப்பிடிச் சுவர் உயரம்தான்; கிருபா சொன்னது சரி. அதனால் தூக்கித்தான் தள்ள வேண்டியிருந்தது. கோபத்தில் என்று எழுதாதீர்கள். கோபம் இல்லை.

கொல்லையில் கிணற்றடியில் விழுந்தாள். இறங்கிப் போனபோது உயிர் இருந்தது. அப்பா என்றாள். அவள் பேசிய கடைசி வார்த்தை அதுதான். எதிரே பந்தி நடந்துகொண்டிருந்தது. அத்தனை பேருக்கு நடுவே என் மகளை எப்படித் தூக்கிக்கொண்டு போவது? ஒரு போர்வையைப் போர்த்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கடைசிப் பந்தி முடிந்து இலை எடுக்கும் வரை உட்கார்ந்திருந்தேன். உடனே கொண்டுவந்திருந்தால் பேச்சாவது மிஞ்சியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இருக்கலாம்.

இருங்கள். அவள் படிப்பது நின்றுவிட்டது.

அ. அங்கேதான் விரலைத் தூக்கியிருக்கிறாள். மறுபடி படிக்கிறாள். ப். இப்போது பா.

"அப்பான்னு எய்திகிறாங்க சார்" என்று கிருபா உங்களுக்குத்தான் குரல் கொடுக்கிறாள். "இன்னும் முடியல. மேல எய்தறாங்க."

பார்த்தீர்களா, தம்பி? பேச ஒரு வழி கிடைத்ததும் என்னைத்தான் கூப்பிடுகிறாள். கொஞ்சம் வழி விடுங்கள். தாகமாக இருக்கும். அந்த டம்ளரை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன்.