மூக்கில்லாத மீன்காரர்

"சந்தைச் சுவரில என்னை ஏன் கீறினீங்கள் டீச்சர்?"

காலை கிண்ணியா பஸ்ஸில், எனக்கு முன் சீற்றில் இருந்த மீன் வியாபாரி பக்கத்தில் இருந்த சித்திர டீச்சரிடம் பாய்ந்தார்.

"சனம் படத்தையும் பாக்குது, என்னையும் பாக்குது, சிரிக்குது. யாவாரம் படுக்குது. இண்டைக்கே அழியுங்கோ."

"தராசுத் தட்டில விரலை அமத்திற ஒரு ஆளைத்தான் கீறினனான். ஒரு வட்டம், ரெண்டு புள்ளி, ஒரு கோடு. மூக்குக்கூட வைக்கேல்ல. உங்களுக்கு எவ்வளவு பெரிய மூக்கு!"

"மூக்கை விடுங்கோ. அது நான்தான்."

"போன வருசம் மீசை, தொப்பை எல்லாம் வைச்சுக் கீறினனான். அடுத்த கடைக்காரன் எண்டு எல்லாரும் சிரிச்சீங்கள். இந்த முறை வெறும் வட்டம். சண்டைக்கு வந்ததில நீங்கள் ஆறாவது ஆள்."

அவர் பஸ்ஸைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு மீசையாவது வைச்சுவிட ஏலாதா?"

"ஆரின்ர மீசை?"

"அடுத்த கடைக்காரன்ர."

நான் இரண்டு வருடமாக இவரிடம்தான் மீன் வாங்குகிறேன். இவ்வளவு நாளும் செவுளைத்தான் திறந்து பார்த்தேன். இனி இவருடைய விரலைப் பார்ப்பேன்.